முதல் பிளாஸ்டிக் மாடல்: 1/72 ஸ்பிட்ஃபயரைக் கட்டிப் பெயின்ட் அடிப்பது எப்படி

பிளாஸ்டிக் மாடல் கட்டப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் பெயின்ட் வாங்கணும்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எது எதைக் கரைக்கும்? பெட்டிக்குள் இருக்கும் துண்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. மாடல் பசை அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. சில பெயின்ட்கள் அதை லேசாகக் கடித்துப் பிடிக்கின்றன, சில மேலே படலமாகப் படிகின்றன. ஒன்றின் மேல் இன்னொன்றைப் பூசும்போது கீழே இருப்பது தாங்குமா, கரையுமா என்பதில்தான் பாதி வெற்றியும் பாதி தோல்வியும் இருக்கின்றன. இது பிடிபட்டுவிட்டால், எந்த வேலையை எதற்கு முன் செய்வது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு கிட்டை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திறப்பதில் தொடங்கிக் கடைசி வார்னிஷ் வரை போவோம்.

எந்த கிட்?

நான் சொல்வது ஏர்ஃபிக்ஸ் வெளியிடும் 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 1ஏ, இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம். ஏர்ஃபிக்ஸ் 1939-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் நிறுவனம். இப்போது ஹார்ன்பி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1950களில் அது வெளியிட்ட முதல் விமான கிட்டும் ஸ்பிட்ஃபயர்தான். அன்றைய கிட்டை இன்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அதே விமானத்தைப் புது அச்சில் வார்த்து விற்கிறார்கள். துண்டுகள் குறைவு, ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன, விலையும் இறக்குமதி கிட்களில் குறைந்த பக்கம்தான். பெயின்ட், ப்ரஷ், பசை எல்லாம் சேர்ந்த தொடக்கப் பெட்டியாகவும் கிடைக்கிறது.

1/72 என்றால் நிஜத்தில் 72 அங்குலம் இருப்பது மாடலில் 1 அங்குலம், அதாவது 6 அடிக்கு ஒரு அங்குலம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 11.23 மீட்டர். மாடலில் அது 15.6 செ.மீ. நீளம் 12.7 செ.மீ. உள்ளங்கையில் அடங்கும், எழுதும் மேசையின் ஓரத்திலேயே கட்டி முடித்துவிடலாம். இதைவிடப் பெரிய 1/48 அளவும் நல்லதுதான், ஆனால் பூச வேண்டிய பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். கவச வண்டிகளையும் போர் டாங்கிகளையும் 1/35 அளவிலும், கார்களை 1/24 அளவிலும் செய்வது வழக்கம். கார் வேண்டாம் என்பேன், முதல் முறைக்கு மட்டும். காருக்குப் பளபளப்பான வழவழப்பான பூச்சு வேண்டும், அதில் ஒரு தூசி விழுந்தாலும் கண்ணில் படும். போர் விமானத்தின் மங்கலான பூச்சு சின்னச் சின்னக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

பசையே வேண்டாம் என்று நினைப்பவர்கள் பந்தாய் நிறுவனத்தின் கண்டம் (Gundam) ரோபோ கிட்களைப் பார்க்கலாம். 1980 முதல் வருகின்றன. இப்போது வருபவற்றில் துண்டுகளே வண்ணத்தில் வார்க்கப்பட்டு, அழுத்தினால் பொருந்திக்கொள்கின்றன. பெயின்ட் அடிக்காமலே அழகாக இருக்கும். பசையும் தூரிகையும் பழக வேண்டும் என்றால் விமானத்துக்கு வாருங்கள்.

வாங்கும்முன் ஒரு எச்சரிக்கை. மாடல் நிறுவனங்கள் பல பத்தாண்டு பழைய எஃகு அச்சுகளையே புதுப் பெட்டியில் போட்டு மறுபடி விற்பதுண்டு. அச்சு தேய்ந்தால் இரு பாதிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கசிந்து, துண்டின் ஓரமெல்லாம் மெல்லிய சவ்வு படிந்திருக்கும். பொருத்தமும் தளர்ந்துபோகும். பெட்டிப் படம் இதைச் சொல்லாது. ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அதன் அச்சு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று காட்டும். 2010க்குப் பிந்தைய அச்சாகப் பார்த்து வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்?

பக்கவாட்டில் வெட்டும் சின்ன நிப்பர் ஒன்று, அதன் ஒரு முகம் தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனை பிளேடு மாட்டிய கைக்கத்தி, வெட்டும்போது அடியில் வைக்க ஒரு மேட், ட்வீசர், மாஸ்கிங் டேப். உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் என்று கேட்டு 400, 600, 1000 எண்களில் ஒவ்வொரு தாள் வாங்கினால் ஒரு வருடத்துக்குக் காணும்.

பசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று வகை உண்டு, மூன்றும் மூன்று வேலைக்கு.

முதலாவது பிளாஸ்டிக் சிமென்ட். தமியா எக்ஸ்ட்ரா தின் போன்றவை நீர்த்த திரவமாக, மூடியிலேயே சின்ன ப்ரஷ்ஷோடு வரும். உள்ளே இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இரண்டு துண்டுகளின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். காய்ந்தபின் அங்கே பசை என்று எதுவும் மிஞ்சாது, இரண்டு துண்டும் ஒரே பிளாஸ்டிக்காகியிருக்கும். உடற்பகுதி, இறக்கை எல்லாவற்றுக்கும் இதுதான். பெயின்ட் பூசிய இடத்தில் இது வேலை செய்யாது, பெயின்டை மட்டும் கரைத்துக் குழப்பிவிடும். அதனால் ஒட்டும் விளிம்புகளில் பெயின்ட் பட்டிருந்தால் முதலில் சுரண்டிவிட வேண்டும்.

இரண்டாவது ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ. இது எதையும் கரைப்பதில்லை, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இறுகும். உலோகத் துண்டு, ரெசின் துண்டு இருந்தால் மட்டும் தேவை. கண்ணாடித் துண்டுகளின் பக்கமே இதைக் கொண்டு போகாதீர்கள். இறுகும்போது எழும் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அதைத் துடைத்தால் போகாது.

மூன்றாவது வெள்ளை ஃபெவிகால். விமானியின் கண்ணாடி மூடியை ஒட்ட இதைவிட நல்லது கிடையாது. காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது.

ஸ்ப்ரே துப்பாக்கியும் கம்ப்ரஸரும் இப்போது வாங்காதீர்கள். பெயின்டின் பதம் கைக்குப் பழகும் முன் ஏர்பிரஷ் வாங்கினால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதிலேயே ஆர்வம் வற்றிப்போகும். 6 மி.மீ. தட்டை ப்ரஷ் ஒன்று, 1 எண், 0 எண் உருண்டை ப்ரஷ்கள், இவை போதும். ப்ரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முடி உதிரும் ப்ரஷ்ஷால் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் பலன் வராது.

பெட்டியைத் திறந்ததும்

துண்டுகள் ஒரு சட்டகத்தில் கிளை கிளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டகத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். எதையும் வெட்டாதீர்கள், முதலில் விளக்கத்தாளைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ஸ்பிட்ஃபயரில் சக்கரம் மடக்கியபடியும் கட்டலாம், இறக்கியபடியும் கட்டலாம். எது என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால் பின்னால் ஒட்டியதைப் பிரிக்க வேண்டிவரும்.

அப்புறம் ஸ்ப்ரூவைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவி உலர விடுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து துண்டு எளிதில் விடுபடுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பொருள் அதில் ஒட்டியிருக்கலாம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. வெயிலில் காய வைக்க வேண்டாம், மெல்லிய துண்டுகள் வளையும். கழுவும்போது சின்னத் துண்டுகள் கழன்று ஓடாதபடி வடிகட்டியின் மேல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதும் சுத்தம் செய்வதும்

ஒரு துண்டை இரண்டு வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு துண்டிலிருந்து தள்ளி, கிளையின் நடுவில். துண்டு கைக்கு வந்தபின் இரண்டாவது வெட்டில், நிப்பரின் தட்டை முகம் துண்டின் பக்கம் இருக்கும்படி வைத்து, அரை மி.மீ. மட்டும் விட்டு வெட்டுங்கள். அந்த மிச்சத்தைக் கத்தியால் சீவி 600 தாளால் தேயுங்கள். ஒரே வெட்டில் ஒட்ட எடுத்தால் நிப்பர் நசுக்கும் விசை துண்டுக்குள் இறங்கி, அந்த இடம் வெளுத்துப் போகும், சில சமயம் பிய்ந்து குழியும் விழும்.

கத்தியை எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகவே ஓட்டுங்கள். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையை வெட்டும், அதனால் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள்.

தேவைப்படும் துண்டுகளை மட்டும், விளக்கத்தாளில் அந்தப் படி வரும்போது வெட்டுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிக் குவித்தால் எண் தெரியாமல் போய்விடும். எண் பொறித்திருப்பது ஸ்ப்ரூவில்தான், துண்டில் இல்லை.

உள்பக்கங்களில் சின்ன வட்டத் தடங்கள் தெரியும். அச்சிலிருந்து துண்டைத் தள்ளிய ஊசிகளின் தடம் அது. மூடிய பிறகு தெரியாத இடம் என்றால் விட்டுவிடுங்கள்.

விமானி அறை

வழக்கமாகக் கட்டி முடித்துத்தானே பெயின்ட் என்று தோன்றும். விமானத்தில் அப்படி முடியாது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளும் ஒட்டியபின் உள்ளே ப்ரஷ் போகாது. அதனால் இருக்கை, தரை, உள்சுவர் எல்லாவற்றையும் முதலில் பூசிவிட வேண்டும். பிரிட்டிஷ் விமானங்களின் உள்பக்கம் சாம்பல் கலந்த பச்சை. ஹம்ப்ரோல் வரிசையில் 78 என்ற எண்ணில் இந்த நிறம் கிடைக்கும். கருவிப் பலகை கருப்பு, இருக்கைப் பட்டை மணல் நிறம். 1/72-இல் இதற்கு மேல் செய்தாலும் மூடியபின் கண்ணுக்குத் தெரியாது. பட்டை மட்டும் தெரியும், அதைக் கவனமாகத் தீட்டுங்கள்.

ஒட்டுவது

பசை தொடும்முன் ஒவ்வொரு இணைப்பையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். எங்கே முட்டுகிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று விரல் சொல்லிவிடும். முட்டும் இடத்தைச் சற்றுத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு பழக்கம் பின்னால் வரும் பட்டி வேலையை முக்கால்வாசி குறைத்துவிடும்.

பொருந்தியதும் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நீர்த்த சிமென்டின் ப்ரஷ் முனையை இணைப்புக் கோட்டில் தொடுங்கள். பசை தானாகவே கோட்டுக்குள் ஓடிவிடும். ஒரே இடத்தில் ஊற்ற வேண்டாம், இரண்டு செ.மீ. விட்டுவிட்டுத் தொட்டால் போதும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பசை விரலடியில் பரவி, கைரேகை பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். சில நொடிகளில் லேசாக அழுத்தினால், கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாக வெளியே துருத்தும். பயப்படாதீர்கள், அது வேண்டியதுதான். இடைவெளியை நிரப்பும் பொருள் துண்டிலிருந்தே கிடைத்துவிட்டது. காய்ந்தபின் அதைத் தேய்த்தால் கோடே மறைந்துவிடும்.

உடற்பகுதியை டேப்பாலோ துணி கிளிப்பாலோ பிடிக்க வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் அரை மணியில் இறுகினதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே கரைப்பான் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால், பின்னால் அது முழுதாகச் சுருங்கும்போது கோடு மறுபடி பள்ளமாகத் தெரியும்.

இறக்கையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் கிடைமட்டமாக இருக்காது, இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சுமார் 6 பாகை சாய்ந்திருக்கும். கிட்டில் அடிப்பக்கம் ஒரே துண்டு, மேல்பக்கம் இடம் வலம் என்று இரண்டு துண்டு. உடலோடு சேர்த்தபின் முன்னாலிருந்து கண்ணளவில் வைத்துப் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த நுனிக்கு அடியில் தீப்பெட்டியோ மடித்த அட்டையோ வைத்துக் காய விடுங்கள். வாலின் சிறு இறக்கைகளையும் அப்படியே நேர் பாருங்கள். பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோணல் இறக்கை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சக்கரக் கால்கள், புரொப்பல்லர், ஆன்டெனா கம்பம், கண்ணாடி மூடி இவற்றை இப்போது ஒட்ட வேண்டாம். பெயின்ட் அடிக்கும்போது கையில் பட்டு ஒடிந்துவிடும்.

பட்டி பார்ப்பது

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி வரலாம். அதற்கு மாடல் பட்டியைப் பல்குத்தும் குச்சியால் தடவி, காய்ந்தபின் 600 தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தேய்க்கும்போது பக்கத்தில் இருக்கும் பலகைக் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் மெல்லிய பள்ளக் கோடுகள்) அழியாமல் இருக்க, இரண்டு புறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. பட்டியிலும் கரைப்பான் இருக்கிறது. தடிமனாக அப்பினால் கீழே உள்ள பிளாஸ்டிக் இளகும், காயும்போது பட்டியும் சுருங்கும். மெல்லியதாக இரண்டு தடவை பூசுவதே சரி.

பிரைமர்

சாம்பல் நிறப் பிரைமரை ஸ்ப்ரே டப்பாவில் வாங்கி, 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, மாடலுக்கு வெளியே தொடங்கி மறுபக்கம் வெளியே முடியும்படி மெல்லியதாக அடியுங்கள். நிறம் மேலே பிடிக்க இது உதவும். அதைவிட முக்கியமாக, எல்லாம் ஒரே சாம்பலாகிவிடுவதால் தேய்க்காமல் விட்ட கோடும் கீறலும் பளிச்சென்று தெரியும். திரும்பப் போய்ச் சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு.

மொட்டை மாடியிலோ ஜன்னல் திறந்த இடத்திலோ அடியுங்கள். ஸ்ப்ரேயின் ஆவிக்குத் துணி மாஸ்க் போதாது, கரித்தூள் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். உப்புத்தாள் தூசிக்கு என்95 போதும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றி வெளிநாட்டு விளக்கத்தாள்கள் சொல்லாது. கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளையாகப் புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையிலோ கடலோர ஊரின் விடிகாலையிலோ ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வெயில் ஏறியபின், மழையில்லாத நாளில் அடியுங்கள். கடைசியில் வரும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷுக்கும் இதே விதிதான்.

பெயின்ட்

மாடல் பெயின்ட்களை வீரியத்தை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். லாக்கர் மிக வீரியமானது, பிளாஸ்டிக்கையே கடித்துப் பிடிக்கும். மிஸ்டர் கலர் இந்த வகை. எனாமல் நடுத்தரம், மெதுவாகக் காயும், ப்ரஷ் தடம் தானாகவே சமமாகிவிடும். ஹம்ப்ரோலின் சின்ன டப்பாக்கள் இந்த வகைக்குப் பெயர் பெற்றவை. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் சாதுவானது, வய்யேஹோ போன்றவை. வீரியமானது கீழே, சாதுவானது மேலே. இந்த வரிசை மாறி, காய்ந்த அக்ரிலிக்கின் மேல் லாக்கர் போட்டால் கீழே உள்ளது சுருங்கிப் பொரிந்துவிடும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது தண்ணீர் அக்ரிலிக்தான். நாற்றம் குறைவு, ப்ரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே ஒரு மணி நேரம் போதும். தமியாவின் சின்னக் கண்ணாடிப் புட்டிகளும் அக்ரிலிக்தான், ஆனால் அதில் ஆல்கஹால் இருப்பதால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கிளறிவிடும். ஏர்பிரஷ்ஷுக்கு அருமை, ப்ரஷ்ஷுக்குப் பொறுமை தேவை.

பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. தின்னரை மாடலின் பக்கம் கொண்டுவராதீர்கள். மரச்சாமான் பாலிஷுக்கும் கார் பெயின்டுக்கும் ஆனது அது. பாலிஸ்டைரீனை அப்படியே உருக்கிவிடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் அப்படித்தான். எனாமலைக் கரைக்க மினரல் டர்பன்டைன் போதும்.

புட்டியை நன்றாகக் குலுக்கி, ஒரு தட்டில் சில சொட்டு விட்டு, தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டு சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ப்ரஷ்ஷைப் பாதி வரை தோய்த்து, தட்டின் ஓரத்தில் வழித்துவிட்டு, ஒரே திசையில் நீளமாக இழுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, கீழே உள்ள சாம்பல் தெரியும்படிதான் இருக்கும். அங்கேயே மறுபடி ப்ரஷ் போட்டால் பாதி காய்ந்த படலம் உரிந்து வரும். விட்டுவிடுங்கள். ஒரு மணி கழித்து, முதல் பூச்சுக்குக் குறுக்குத் திசையில் இரண்டாவது. மூன்றாவதில் நிறம் முழுதாக மூடிவிடும், சில நிறங்களுக்கு நான்காவதும் தேவைப்படும். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் மூடுவதற்குச் சண்டித்தனம் பண்ணும்.

1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயருக்கு மூன்று நிறம். அடியில் ஸ்கை என்ற வெளிர் பச்சைசாயல் நிறம், மேலே மண்ணின் பழுப்பும் கரும்பச்சையும். அடிப்பக்கத்துக்கு ஸ்கை வந்தது 1940 ஜூனில்தான். அதற்கு முன் ஒரு இறக்கையின் அடி கருப்பு, மறு இறக்கையின் அடி வெள்ளை. தரையில் இருக்கும் சொந்தப் படைகள் பார்த்ததும் அடையாளம் காண்பதற்காக அப்படிப் பூசினார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் டெகால் (விமானத்தின் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட, நனைத்து ஒட்டும் தாள்) எந்த மாதத்து விமானத்துடையது என்று விளக்கத்தாளில் பார்த்து அதற்கேற்ப அடிப்பக்கத்தைப் பூசுங்கள்.

வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது பிறகு. அடியில் ஸ்கை முடிந்ததும் மேலே முழுவதும் பழுப்பு. அது காய்ந்ததும் விளக்கத்தாளின் படத்தைப் பார்த்துப் பச்சைத் திட்டுகளின் எல்லையைப் பென்சிலால் மெல்ல வரையுங்கள். 1 எண் ப்ரஷ்ஷால் எல்லைக் கோட்டை முதலில் பூசி, அப்புறம் தட்டை ப்ரஷ்ஷால் உள்ளே நிரப்புங்கள். நிஜ விமானத்தில் இரண்டு நிறங்கள் சேரும் இடம் சற்று மங்கலாக இருக்குமே, ப்ரஷ்ஷில் அது வராதே என்று சிலர் வருந்துவார்கள். அந்த மங்கல் நிஜத்தில் 2 செ.மீ. அகலம் இருந்தால்கூட 1/72-இல் கால் மி.மீ.யைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கூர்மையான விளிம்பே இந்த அளவுக்குச் சரி.

புரொப்பல்லர் இதழ்கள் கருப்பு, நுனி மஞ்சள். நிஜத்தில் அந்த மஞ்சள் 4 அங்குலம், மாடலில் 1.4 மி.மீ. பெரும்பாலானோர் இதை அகலமாகப் பூசிவிடுகிறார்கள். நுனிக்கு முதலில் வெள்ளை, அதன் மேல் மஞ்சள், அது காய்ந்ததும் டேப் ஒட்டிக் கருப்பு என்று போங்கள்.

டெகால்

மாடலுக்கு உயிர் வருவது இந்தக் கட்டத்தில்தான். வட்டச் சின்னங்களும் எழுத்துகளும் இருக்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்ட வேண்டும். ஆனால் மேட் பூச்சின் மேல் நேராக ஒட்டாதீர்கள். மேட் பெயின்ட் நுண்ணளவில் கரடுமுரடானது. டெகாலின் படலத்துக்கும் அந்தக் கரடுக்கும் நடுவே காற்று சிக்கி, தெளிவாக இருக்க வேண்டிய ஓரம் வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். அதனால் டெகாலுக்கு முன் மாடல் முழுவதும் அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு பூச்சு. விமானம் பொம்மை மாதிரி பளபளக்கும், கவலைப்படாதீர்கள், கடைசியில் அடங்கிவிடும்.

வார்னிஷ் ஒரு நாள் காயட்டும். ஒவ்வொரு டெகாலாகக் கத்திரித்து, ட்வீசரால் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நொடி வைத்து வெளியே எடுத்து, ஒரு நிமிடம் துணியின் மேல் வையுங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாளைப் பக்கத்தில் வைத்து, ஈர ப்ரஷ்ஷால் டெகாலை மாடலின் மேல் தள்ளுங்கள். இடம் சரியானதும் பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

பலகைக் கோட்டின் மேல் வரும் டெகால் கோட்டுக்குள் இறங்க வேண்டும். அதற்கு மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவம் இருக்கிறது. தடவிய சில நிமிடங்களில் டெகால் சுருங்கிச் சுருக்கம் விழும், பார்க்கவே பயமாக இருக்கும். தொடவே கூடாது. அது இப்போது இளகிய நிலையில் இருக்கிறது, விரல் பட்டால் கிழியும். காயும்போது தானே இழுத்துக்கொண்டு, பெயின்டால் வரைந்ததுபோல் படிந்துவிடும்.

இறக்கையின் முன்விளிம்பில் சின்னச் சிவப்புக் கட்டங்கள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். துப்பாக்கிக் குழல்களுக்குள் குளிரும் ஈரமும் போகாமல் தரைப்பணியாளர்கள் ஒட்டிய துணி அது. டெகால் இல்லையென்றால் சிவப்புப் பெயின்டே போதும்.

கோடுகளுக்கு நிழல், கடைசி வார்னிஷ்

டெகால்களின் மேல் இன்னொரு கிளாஸ் பூச்சு கொடுத்து ஒரு நாள் காய விடுங்கள். பலகைக் கோடுகளில் அடர் பழுப்பு எனாமல் வாஷ் ஓடவிட்டால் அவை எடுப்பாகத் தெரியும். வாஷ் என்பது தின்னரில் மிகவும் நீர்த்த பெயின்ட். ப்ரஷ் முனையால் கோட்டைத் தொட்டால் தானாக ஓடும். அரை மணி கழித்து, டர்பன்டைன் லேசாகத் தொட்ட பட்ஸால் வெளியே வழிந்ததைக் காற்று ஓடும் திசையில், அதாவது முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். எனாமல் கரைப்பான் அடியில் உள்ள காய்ந்த அக்ரிலிக் வார்னிஷைத் தொடாது, அதனால்தான் முன்பு சொன்ன வரிசைக்கு விலக்காக இந்த வேலையே சாத்தியமாகிறது. பெயின்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில், குறிப்பாக அழுத்தித் திணித்த மூட்டுகளில் இந்த வாஷைப் போடாதீர்கள். இழுவிசையில் இருக்கும் பாலிஸ்டைரீனை அது விரிசல்விட வைக்கும். ரோபோ கிட் கட்டுபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

வாஷ் காய்ந்ததும் மேட் வார்னிஷ். பளபளப்பு மறைந்து, டெகாலும் பெயின்டும் ஒரே பரப்பாகிவிடும். புகைக்குழாய்களுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுண்ணத்தூளைப் பழைய ப்ரஷ்ஷால் பின்னோக்கித் தேய்த்தால் புகைக்கறை வந்துவிடும். கொஞ்சமாகவே செய்யுங்கள்.

இப்போது சக்கரக் கால்கள், ஆன்டெனா கம்பம், புரொப்பல்லர். ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒரு பொட்டு சிமென்ட். கால்களை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து நேராக்குங்கள். கண்ணாடி மூடியின் சட்டங்களை மாடலில் வைப்பதற்கு முன்பே 0 எண் ப்ரஷ்ஷால் தீட்டிவிடுங்கள். கை நடுங்கிக் கண்ணாடியில் பட்டால், முழுதாக இறுகும்முன் பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் வந்துவிடும். ஃபெவிகாலால் ஒட்டி அரை மணி அசையாமல் வையுங்கள்.

அடுத்தது என்ன?

இதே 1/72 அளவில், இதே ஏர்ஃபிக்ஸின் போல்டன் பால் டிஃபையன்ட். நிறங்கள் கிட்டத்தட்ட அதேதான், மீந்த பெயின்டே போதும். நமக்கு அதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. டிஃபையன்டை முதன்முதலில் போரில் ஓட்டிய 264-ஆம் படைப்பிரிவுக்கு மெட்ராஸ் மாகாணம் என்றே பெயர் சூட்டப்பட்டிருந்தது, இங்கே திரட்டிப் போன போர்நிதிக்காக. அந்தப் படையின் விமானங்களில் பி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கும். டிஃபையன்ட் பல பெட்டிகளில் வந்திருப்பதால், வாங்கும்முன் பக்கவாட்டுப் படத்தில் அந்த எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிட்ஃபயரைவிட இதில் கண்ணாடித் துண்டுகள் அதிகம். விமானிக்குப் பின்னால் நான்கு துப்பாக்கிகள் பொருத்திய சுழலும் கோபுரம் ஒன்று, கண்ணாடிச் சட்டங்களோடு இருக்கும். கோபுரத்தின் உள்பக்கத்தைப் பூசி முடித்து, துப்பாக்கிகளையும் பொருத்தி, கண்ணாடியை ஃபெவிகாலால் மூடிய பிறகுதான் வெளிச் சட்டங்களைத் தீட்ட வேண்டும். டேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு, முதலில் உள்பக்க நிறம், அதன் மேல் வெளி நிறம் என்று பூசுங்கள். அப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சட்டத்தின் உள்முகம் சரியான நிறத்தில் தெரியும்.